காருக்குக் கேஸ் போடுவதற்கு முன்

சங்கத்தின் பொங்கல் விழாவானாலும் சரி, பிள்ளைகளுக்கான பரிசளிப்பு விழாவானாலும் சரி, பந்தி முடிந்து கை கழுவுகிற இடத்தில் யாராவது ஒருவர் என்னை ஓரமாக அழைத்துப் போவார். "அண்ணாச்சி, ஒரு சின்ன விஷயம். வண்டியில ஏ.சி. சரியா வரமாட்டேங்குது. கேஸ் போடணுமா?" குர்லாவில் முப்பது ஆண்டுகள் குளிர்சாதனத் தொழிலில் கழித்தவன் நான். இந்தக் கேள்வி எனக்குப் பழகிப்போனது. கேட்கிறவர் கேள்விக்குள்ளேயே பதிலையும் வைத்துவிடுகிறார் என்பதுதான் சங்கடம். ஏ.சி. குளிரவில்லை என்றால் கேஸ் போட வேண்டும். நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான்.

வாசக அன்பர்கள் ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் இந்தக் கட்டுரையின் பாதி வேலை முடிந்துவிடும். கார் ஏ.சி.யில் இருக்கும் கேஸ், பெட்ரோலைப் போலச் செலவாகிற பொருள் அல்ல. மூடிய குழாய்களுக்குள் அது சுற்றிச் சுற்றி வருகிறது, அவ்வளவுதான். ரப்பர் குழாய்களின் வழியாகப் பல ஆண்டுகளில் சிறிதளவு குறையலாம். ஆனால் மார்ச்சில் போட்ட கேஸ் மே மாதத்தில் இல்லை என்றால் அது தீரவில்லை, எங்கோ கசிந்திருக்கிறது. அல்லது கேஸ் முழுதாக இருக்கிறது, பழுது வேறு இடத்தில் இருக்கிறது.

பழைய வண்டியோடு போராடுவது குர்லாக்காரர்களுக்குப் புதிதல்ல. பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் கம்பெனி இத்தாலிய ஃபியட் வண்டியை இங்கேதான் தயாரித்தது. 1974 முதல் அதற்குப் பத்மினி என்று பெயர். மும்பை முழுவதும் கறுப்பு மஞ்சள் டாக்சியாக ஓடிய பத்மினிகளில் கடைசி வண்டிக்கு 2023 அக்டோபரில் இருபது வயது நிறைந்து அனுமதி முடிந்தது. அந்த டாக்சிகளுக்கு ஏ.சி. என்பது கண்ணாடியை இறக்கிவிடுவதுதான். இன்றும் எந்தப் பழைய வண்டியின் பாகம் வேண்டுமென்றாலும் சி.எஸ்.டி. சாலைக்குப் போனால் கிடைக்கும். (சி.எஸ்.டி. என்றதும் ரயில் நிலையத்தை நினைக்க வேண்டாம். 1928 முதல் 1934 வரை டிராம்பேயிலிருந்து அந்தேரிக்கு ஓடிய சென்ட்ரல் சால்செட் டிராம்வே என்ற சிறு ரயிலின் பெயர் அது. ரயில் போய்விட்டது, பெயர் மட்டும் நிற்கிறது.) பாகம் இவ்வளவு சுலபமாகக் கிடைக்கிற ஊரில் பழுதைத் தேடும் பொறுமை குறைந்துவிடுகிறது. முதலில் மாற்றிப் பார்ப்போம், சரியாகாவிட்டால் அடுத்ததை மாற்றுவோம் என்றே பல இடங்களில் வேலை நடக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் நேரு நகரில் இருக்கும் நண்பர் ஒருவருக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். பதினான்கு வயதான சிறிய கார். மே விடுமுறைக்கு மனைவி, மகள், எண்பது வயதான தாயார் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு நாங்குநேரிப் பக்கம் சொந்த ஊருக்குப் போவதாகத் திட்டம். புனே, கோலாப்பூர், பெல்காம், ஹூப்ளி, பெங்களூர், சேலம், மதுரை என்று சுமார் 1,600 கிலோமீட்டர் தூரம். மார்ச்சில் ஏ.சி. சரியில்லை என்று ஒரு கடையில் கேஸ் போட்டார். ஏப்ரலில் இன்னொரு கடையில் மறுபடியும் போட்டார். மே முதல் வாரத்தில் மூன்றாவது முறையாக "இன்னும் கொஞ்சம் ஏத்திவிட்டா நல்லா அடிக்கும்" என்று சொல்லி ஏற்றிவிட்டார்கள். அதற்குப் பிறகு கம்ப்ரசர் ஓடத் தொடங்கிய ஒரு நிமிடத்தில் தானாக நின்றுவிட ஆரம்பித்தது. ஐயாயிரம் ரூபாய்க்கு மேல் செலவு, வண்டிக்குள் வியர்வை. அப்போதுதான் என்னிடம் வந்தார்.

நான் கேட்டது ஒரே கேள்வி: "எப்போ குளிருது, எப்போ குளிரல?" சற்று யோசித்துவிட்டு, "கிழக்கு விரைவுச் சாலையில போகும்போது நல்லா இருக்கு அண்ணாச்சி. சயான் சிக்னல்ல நின்னா சூடா வருது" என்றார். வண்டியைச் சந்திலேயே நிறுத்தி, ஏ.சி.யைப் போட்டு, பானெட்டைத் திறந்தேன். முன்னால் இரண்டு விசிறிகள். ரேடியேட்டர் விசிறி நலமாக இருந்தது. அதன் பக்கத்தில் இருந்த கண்டென்சர் விசிறி அசையவே இல்லை. மோட்டாருக்குள் இருக்கும் கார்பன் தேய்ந்துபோயிருந்தது. ஒரு தடவை கேஸ் போட்ட பணத்தில் மோட்டார் வாங்கி மாட்டி, அளவுக்கு மேல் இருந்த கேஸையும் மெஷினில் இழுத்தெடுத்து, எடை போட்டு நிரப்பியாயிற்று. முதல் கடையிலேயே யாராவது பானெட்டுக்குள் குனிந்து பார்த்திருந்தால் போதும்.

விசிறிக்கும் குளிருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். ஏ.சி. குளிரை உண்டாக்குவதில்லை. வண்டிக்குள் இருக்கும் வெப்பத்தை அள்ளி வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறது. மண்பானையின் மேல் கசிகிற நீர் ஆவியாகும்போது உள்ளே இருக்கிற தண்ணீரின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறதல்லவா? அதே வேலைதான். பானையில் நீர், இங்கே ஆர் 134ஏ என்னும் திரவம். சாதாரணக் காற்றழுத்தத்தில் இது மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் ஆவியாகி வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. கம்ப்ரசர் அந்த ஆவியை அழுத்திச் சூடேற்றி முன்பக்கக் கண்டென்சருக்குத் தள்ளுகிறது. அங்கே காற்று பட்டால்தான் அது வெப்பத்தை விட்டுவிட்டு மீண்டும் திரவமாகும். வண்டி ஓடும்போது எதிர்க்காற்று இருக்கிறது. சிக்னலில் நிற்கும்போது விசிறிதான் காற்று. விசிறி நின்றால் வெப்பம் போக வழியில்லை, அழுத்தம் ஏறுகிறது, கம்ப்ரசரைக் காப்பாற்ற ஒரு சுவிட்ச் அதை நிறுத்திவிடுகிறது. இந்த நிலையில் கேஸை அதிகமாக ஏற்றுவது, வயிறு முட்டச் சாப்பிட்டு மூச்சு வாங்குகிறவருக்கு மேலும் இரண்டு கரண்டி சாதம் போடுவதைப் போன்றது.

மெக்கானிக்கிடம் போவதற்கு முன்னால் நாமே செய்யக்கூடிய சோதனைகள் உண்டு. காசு செலவில்லை. சேலைத் தலைப்பு, துப்பட்டா, தொங்கும் சங்கிலி எதுவும் பெல்ட், விசிறிப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; குழந்தைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். மின்விசிறி எஞ்சின் நின்ற பிறகும் திடீரென்று சுற்றும்.

வண்டியை ஸ்டார்ட் செய்து ஏ.சி. பொத்தானை ஒருவர் அழுத்தட்டும், நீங்கள் பானெட் அருகில் நில்லுங்கள். 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும்; அது கம்ப்ரசரின் கிளட்ச் ஒட்டிக்கொள்கிற சத்தம். சத்தமே இல்லை என்றால் ஃப்யூஸ், ரிலே, கிளட்ச், அல்லது கேஸ் மிகவும் குறைந்துபோய் பிரஷர் சுவிட்ச் தடுப்பது, இவற்றில் ஒன்று. ஃப்யூஸின் விலை சில ரூபாய்தான். சத்தம் கேட்டால் அடுத்ததாகக் கண்டென்சர் விசிறி சுற்றுகிறதா என்று பாருங்கள். சில வண்டிகளில் சிறிது நேரம் கழித்துத்தான் சுற்றும், காத்திருங்கள். பிறகு எஞ்சினிலிருந்து உள்ளே போகும் இரண்டு அலுமினியக் குழாய்களைத் தேடுங்கள். தடித்த குழாய் சில்லென்று வேர்த்திருக்க வேண்டும். மெல்லிய குழாய் வெதுவெதுப்பாகவோ சூடாகவோ இருக்கும்; பட்டும் படாமலும் தொட்டுப் பாருங்கள், சில இடங்களில் கை சுட்டுவிடும். தடித்த குழாய் குளிராமல் வெறுமனே இருந்தால் கேஸ் குறைவு என்று சந்தேகிக்கலாம்.

சமையலறையில் அல்லது மருந்துக் கடையில் கிடைக்கும் சாதாரணத் தெர்மாமீட்டர் ஒன்றை (காய்ச்சல் பார்க்கிறது வேண்டாம், அது அவ்வளவு கீழே இறங்காது) நடுவில் இருக்கும் காற்றுத் துவாரத்தில் செருகி, கண்ணாடிகளை ஏற்றி, உள்காற்றைச் சுழற்றும் பொத்தானைப் போட்டு, பத்து நிமிடம் வண்டியை ஓட்டிப் பாருங்கள். மும்பையின் மே மாதப் புழுக்கத்தில் 8 முதல் 12 டிகிரி வரை வந்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு வாரம் கழித்து, ஒரு மாதம் கழித்து மறுபடி அளந்து டயரியில் எழுதிவையுங்கள். "முன்ன மாதிரி இல்ல" என்று மெக்கானிக்கிடம் சொல்வதைவிட "மார்ச்சில் 9 இருந்தது, இப்போ 16" என்று சொன்னால் அவர் நடந்துகொள்ளும் விதமே மாறும்.

உள்காற்றுப் பொத்தானைப் பற்றி ஒரு வார்த்தை. பலர் வெளிக்காற்று வரும்படியே வைத்து ஓட்டிக்கொண்டு ஏ.சி.யைத் திட்டுகிறார்கள். நம் ஊர்க் காற்றில் சூட்டைவிட ஈரம்தான் பெரிய சுமை. அந்த ஈரத்தைத் தண்ணீராக மாற்றுவதிலேயே ஏ.சி.யின் பலம் பெருமளவு போய்விடுகிறது. வண்டியின் அடியில் சொட்டுச் சொட்டாக விழுகிற தண்ணீர் அதுதான். அதைக் கண்டு பயப்பட வேண்டாம்; நல்ல அறிகுறி. சொட்டாமல் இடதுபக்க இருக்கையின் கால்மிதியடி நனைந்தால்தான் கவலை. வடிகுழாய் அழுக்கால் அடைத்திருக்கிறது என்று பொருள். அடியிலிருந்து அந்தச் சிறிய ரப்பர்க் குழாயைச் சுத்தம் செய்தால் போதும். இதற்காக டேஷ்போர்டையே கழற்றி வைத்த கடைகளையும் பார்த்திருக்கிறேன்.

கண்டென்சரை வருடத்துக்கு இரண்டு முறையாவது தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். மண், பூச்சி, பிளாஸ்டிக் பை, மாகிம் பக்கம் போய்வந்தால் உப்புக் காற்று எல்லாம் அதன் மெல்லிய தகடுகளில் சேர்ந்திருக்கும். சாதாரணக் குழாய்த் தண்ணீர் போதும். வாட்டர் சர்வீஸ் கடையின் வேகமான தண்ணீரை நேராக அடித்தால் தகடுகள் மடங்கிவிடும்.

இனி, அறிகுறிகள். ஓடும்போது குளிர்ந்து நிற்கும்போது குளிராவிட்டால் விசிறி அல்லது அழுக்கான கண்டென்சர் என்று நண்பரின் கதையிலேயே பார்த்தோம். முதல் அரைமணி நன்றாகக் குளிர்ந்து, பிறகு காற்றே வராமல் குறைந்துபோனால் கூலிங் காயிலில் பனிக்கட்டி பிடிக்கிறது. ஏ.சி.யை நிறுத்திப் புளோயரை மட்டும் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். காற்று மறுபடி வந்தால் சந்தேகம் உறுதி. தெர்மோஸ்டாட் சுவிட்ச், அடைத்த ஃபில்டர், குறைந்த கேஸ் ஆகியவை காரணங்கள். புளோயர் நான்காம் வேகத்தில் மட்டும் ஓடி மற்ற வேகங்களில் ஓடாவிட்டால் ரெசிஸ்டர் என்னும் சிறிய பாகம் எரிந்திருக்கிறது. மோட்டாரை மாற்ற வேண்டியதில்லை. ஏ.சி. போட்டதும் நனைந்த துணியின் நாற்றம் வந்தால் காயிலில் பூஞ்சை. வீடு சேர்வதற்கு ஐந்து நிமிடம் முன்பே ஏ.சி.யை அணைத்துவிட்டு வெறும் காற்றை ஓடவிட்டால் காயில் உலர்ந்து இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

மும்பைக்கு ஹீட்டர் எதற்கு?

சிரிக்க வேண்டாம். பழைய வண்டிகளில் ஏ.சி. குளிராததற்கு யாரும் சந்தேகப்படாத குற்றவாளி இந்த ஹீட்டர்தான். எஞ்சினின் சூடான தண்ணீர் ஒரு சிறிய ரேடியேட்டர் வழியாக டேஷ்போர்டுக்குள் வந்து போகிறது. குளிர்ந்த காற்றும் சூடான காற்றும் ஒரே பெட்டிக்குள்தான் தயாராகின்றன. இடையில் ஒரு கதவு, சில வண்டிகளில் தண்ணீரைத் தடுக்க ஒரு வால்வும் உண்டு. இவற்றை இழுப்பது சைக்கிள் பிரேக் கம்பி போன்ற ஒரு கேபிள். பத்துப் பதினைந்து வருடம் நாம் அந்தக் குமிழை நகர்த்துவதே இல்லை, கேபிள் இறுகிவிடுகிறது, அல்லது கிளிப் கழன்று கதவு பாதி திறந்து நிற்கிறது. ஒருபக்கம் ஏ.சி. குளிர்விக்க, மறுபக்கம் ஹீட்டர் அதைச் சூடேற்றுகிறது. கேஜ் மாட்டிப் பார்த்தால் அழுத்தம் எல்லாம் சரியாக இருக்கும், காற்று மட்டும் குளிராது. எஞ்சின் சூடான பிறகு ஏ.சி. இல்லாமல் புளோயரை மட்டும் போட்டு, குமிழைக் குளிர்ப்பக்கம் கடைசிவரை தள்ளிப் பாருங்கள். வெளிக்காற்றைவிடத் தெளிவாகச் சூடாக வந்தால் கேபிளைத்தான் பார்க்க வேண்டும், கேஸை அல்ல.

சில கடைகளில் ஹீட்டர் கசிந்தால் குழாயை வளைத்து இணைத்து அதை ஒதுக்கிவிடுகிறார்கள். "பம்பாயில ஹீட்டர் எதுக்கு சேட்" என்பார்கள். அவசரத்துக்குச் செய்யலாம், ஆனால் அப்படியே மறந்துவிடக் கூடாது. ஜூலை மழையில் நான்கு பேர் வண்டிக்குள் உட்கார்ந்ததும் முன்கண்ணாடி புகைபோல் மூடிக்கொள்கிறதே, அப்போது கையால் துடைப்பது வீண்வேலை. காற்றைக் கண்ணாடிக்குத் திருப்பி, வெளிக்காற்றைத் திறந்து, ஏ.சி.யையும் ஹீட்டரையும் சேர்த்தே போடுங்கள். ஏ.சி. காற்றின் ஈரத்தை எடுக்கிறது, ஹீட்டர் அதே காற்றைச் சூடேற்றுகிறது. உலர்ந்த சூடான காற்று பட்டால் கண்ணாடி ஒரு நிமிடத்தில் தெளியும். அதற்கு மாறாக, கண்ணாடியின் உள்பக்கம் எண்ணெய் போலப் படிந்து, வண்டிக்குள் இனிப்பான வாசனை வந்தால் ஹீட்டரிலிருந்து கூலண்ட் கசிகிறது. அதைத் தள்ளிப்போட வேண்டாம். கூலண்ட் விஷப்பொருள். அது குறைந்துகொண்டே போனால் எஞ்சினுக்கும் ஆபத்து.

கூலண்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ரேடியேட்டரில் வெறும் குழாய்த் தண்ணீரையோ சொசைட்டியின் போர்வெல் தண்ணீரையோ ஊற்றிக்கொண்டே இருந்தால் உள்ளே துருவும் சுண்ணாம்பும் படியும். முதலில் அடைபடுவது மெல்லிய குழாய்களைக் கொண்ட ஹீட்டர்தான். கூலண்டுடன் கலக்கப் பேட்டரிக்கு ஊற்றுகிற சுத்தத் தண்ணீரைப் பயன்படுத்துங்கள். ரேடியேட்டர் மூடி தேய்ந்துவிட்டதா என்றும் பாருங்கள். அந்த மூடி உள்ளே அழுத்தத்தைத் தாங்கிப் பிடிப்பதால்தான் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. சூடான வண்டியில் அதைத் திறந்தால் அந்த நொடியே கொதித்து முகத்தில் அடிக்கும்.

கேஸ் போட்டே ஆக வேண்டும் என்றால்

எல்லாம் பார்த்து, கேஸ் குறைவுதான் என்று தெரிந்தால் கடைக்குப் போகலாம். ஆனால் முதலில் கேட்க வேண்டியது "எவ்வளவு ஆகும்?" என்றல்ல, "எங்கே கசிகிறது?" என்று. கசிந்த இடத்தில் கேஸோடு எண்ணெயும் வெளிவரும். இணைப்புகளில் எண்ணெய்ப் பிசுக்கோடு தூசி ஒட்டியிருந்தால் அதுவே சாட்சி. சோப்பு நுரை, நைட்ரஜன் அழுத்தம், ஒளிரும் சாயம் என்று கண்டுபிடிக்க வழிகள் உண்டு. பெரும்பாலும் ஐம்பது, நூறு ரூபாய் மதிப்புள்ள ஓ-ரிங் ஒன்றுதான் காரணமாக இருக்கும். டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசரைக் கொண்டு சோதிப்பவர்களை விட்டு விலகுங்கள். ஈரம் உள்ளே போய்விடும். வெல்டிங் ஆக்சிஜனைக் கொண்டு யாராவது சோதிக்க வந்தால் உடனே தடுத்துவிடுங்கள். எண்ணெயும் அழுத்தமான ஆக்சிஜனும் சேர்ந்தால் வெடிக்கும்.

கேஜில் முள்ளைக் காட்டி "பாருங்க சேட், கேஸ் கம்மி" என்பார்கள். எஞ்சின் ஓடாதபோது காட்டும் அழுத்தத்தை வைத்துக் கேஸின் அளவைச் சொல்லவே முடியாது. 30 டிகிரி வெப்பத்தில் ஆர் 134ஏ சுமார் 95 முதல் 100 பி.எஸ்.ஐ. காட்டும்; உள்ளே அரைப்பங்கு இருந்தாலும் அதேதான், முழுதாக இருந்தாலும் அதேதான். நம் வீட்டுச் சமையல் கேஸ் சிலிண்டரை நினைத்துப் பாருங்கள். கடைசி வரை அடுப்பு ஒரே மாதிரிதான் எரிகிறது. எவ்வளவு மீதி என்று தெரிய ஆட்டித் தூக்கிப் பார்க்கிறோம். கார் ஏ.சி.யிலும் எடைதான் கணக்கு. எத்தனை கிராம் என்று பானெட்டின் அடியில் ஒரு சீட்டு ஒட்டியிருப்பார்கள். சிறிய கார்களுக்குப் பொதுவாக அரைக்கிலோவுக்கு உட்பட்டே இருக்கும். பழையதை வெளியே எடுத்து, வேக்குவம் பம்ப்பை அரைமணி நேரமாவது ஓட்டி, பம்ப்பை நிறுத்திய பிறகு முள் அப்படியே நிற்கிறதா என்று பார்த்து, தராசில் எடை போட்டு நிரப்ப வேண்டும். இந்த அரைமணி நேரத்தைத்தான் பல இடங்களில் சாப்பிட்டுவிடுகிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கட்டிங் சாயா குடித்துக்கொண்டே பாருங்கள்.

இருபத்தைந்து, முப்பது வயதைத் தாண்டிய வண்டியை ஆசைக்காக வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அவற்றில் ஆர் 12 என்ற பழைய கேஸ் இருந்திருக்கும். ஓசோன் படலத்தை அரிக்கும் என்று 1987-இல் மாண்ட்ரியலில் உலக நாடுகள் கையெழுத்திட்டு ஒதுக்கத் தொடங்கிய கேஸ் அது. அந்த வண்டியில் எண்ணெய், ரிங்குகள், டிரையர் ஆகியவற்றை மாற்றாமல் 134ஏ-யை ஏற்றினால் கம்ப்ரசருக்கு எண்ணெய் சரியாகப் போய்ச் சேராது. 134ஏ-யும் ஒன்றும் யோக்கியம் இல்லை. பூமியைச் சூடேற்றுவதில் கரியமில வாயுவைப் போல ஆயிரத்து நானூறு மடங்கு. அதையும் படிப்படியாகக் குறைக்க 2016-இல் ருவாண்டாவின் கிகாலி நகரில் ஒப்பந்தம் ஆகியிருக்கிறது. அதனால் பழைய கேஸைக் காற்றில் 'புஸ்' என்று விட்டுவிடுகிற கடையைவிட மெஷினில் இழுத்துக்கொள்கிற கடை நல்லது. மலிவு என்று சொல்லி எரியும் தன்மையுள்ள கேஸைக் கலந்து ஏற்றுபவர்களும் உண்டு. கூலிங் காயில் நாம் உட்கார்ந்திருக்கிற அறைக்குள்தான் இருக்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த மலிவு வேண்டாம் என்று தோன்றும்.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் கால்மிதியடியைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்து மித்தி நதி குர்லாவுக்குள் வந்ததை நம்மில் யார் மறக்க முடியும்? கண்ணாடி இறங்காமல் காருக்குள்ளேயே மாட்டிக்கொண்டு உயிர்விட்டவர்கள் உண்டு. அப்படி நீரில் மூழ்கிய வண்டிகள் துடைத்துப் பளபளப்பாக்கப்பட்டு விற்பனைக்கு வருவது அதற்குப் பிறகும் ஒவ்வொரு பெருமழையிலும் நடப்பதுதான். இருக்கையை மாற்றிவிடுவார்கள், புளோயர் பெட்டிக்குள் போன சேற்றை யாரும் எடுப்பதில்லை. தேங்கிய நீரில் வண்டி ஓட்ட நேர்ந்தால் ஏ.சி.யை அணைத்துவிடுங்கள். விசிறி தண்ணீரில் சுற்றினால் இறக்கை உடையும், நீர் எஞ்சின் மேல் தெறிக்கும்.

கடைசியாக, நிறுத்திய வண்டிக்குள் ஏ.சி. போட்டுத் தூங்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். நெடும்பயணத்தில் ஓட்டுகிறவருக்கு அரைமணி கண்ணயரத் தோன்றும்தான். பழைய வண்டியில் புகைக்குழாயில் ஓட்டை இருந்தால் கார்பன் மோனாக்சைடு அடியிலிருந்து உள்ளே வரும். அதற்கு மணம் இல்லை. தலைவலியும் மயக்கமும் வருவதற்குள் கை கதவைத் திறக்காது. எஞ்சினை நிறுத்தி, மரத்தடியில் கண்ணாடியை இறக்கிப் படுங்கள். வெயிலில் பூட்டிய வண்டிக்குள் குழந்தையை ஐந்து நிமிடம்கூட விட்டுவிட்டுப் போகாதீர்கள். பத்தே நிமிடத்தில் உள்வெப்பம் சுமார் பத்து டிகிரி ஏறிவிடும், கண்ணாடியைச் சிறிது இறக்கி வைத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. வெயிலில் நின்ற வண்டியை எடுக்கும்போது எல்லாக் கண்ணாடிகளையும் இறக்கி இரண்டு நிமிடம் ஓட்டிவிட்டு ஏ.சி.யைப் போட்டால் அதுவும் சீக்கிரம் குளிரும்.

நண்பர் குடும்பம் அந்த மே மாதம் திட்டமிட்டபடியே ஊருக்குப் போனது. போகும்போது ஒரு குறையும் இல்லை. திரும்பி வரும்போது சேலத்தைத் தாண்டித் தொப்பூர் கணவாய் ஏற்றத்தில், முன்னால் லாரிகள் ஊர்ந்துகொண்டிருக்க, எஞ்சின் வெப்பமுள் மேலே ஏறத் தொடங்கியிருக்கிறது. எனக்குப் போன் செய்தார். ஏ.சி.யை அணைத்து, கண்ணாடிகளை எல்லாம் இறக்கி, ஹீட்டரை முழுசாப் போட்டு புளோயரை நாலில் வையுங்கள், ஒதுங்க இடம் கிடைத்ததும் நிறுத்துங்கள், மூடியைத் தொடாதீர்கள் என்று சொன்னேன். ஹீட்டரும் ஒரு சிறிய ரேடியேட்டர்தானே. எஞ்சினின் சூட்டைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். முள் இறங்கிவிட்டது. மேலே ஒரு டீக்கடை ஓரம் முக்கால் மணி நேரம் ஆறவிட்டுப் பார்த்தால், ரேடியேட்டர் குழாயின் கிளிப் தளர்ந்து கூலண்ட் சொட்டியிருக்கிறது. கிளிப்பை முறுக்கி, நீர் ஊற்றி, குர்லா வந்து சேர்ந்தார்கள்.

ஆச்சிக்கு மட்டும் இன்னும் என் மேல் கோபம் தீரவில்லை. சங்க விழாவில் பார்த்தபோது, "ஏ.சி.யைச் சரி பண்ணிட்டேன்னு சொன்னியேய்யா, மே மாசத்துல எனக்கு வெந்நிக் காத்தை அடிக்க வச்சிட்டியே" என்றார்கள்.